சேர்வராயன் மலைப் பாறை இடுக்கில் மாட்டினால் யார் வருவார்கள்?

வாசகர் கேள்வி
3 மே 2025, காலை 10.12

சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறோம், ஆறு பேர். ஏற்காட்டில் கரடிக் குகை பார்த்தாச்சு, ரொம்பச் சின்னது. சேர்வராயன் கோயில் பக்கம் சரிவுகளில் உள்ளே இறங்கிப் போகிற குகைகள் இருக்குன்னு சொல்றாங்க. லொக்கேஷன் தெரிஞ்சவங்க போடுங்க. எல்லார் போனிலும் டார்ச் இருக்கு. மேகாலயா மாதிரி ஆழம் எல்லாம் இங்கே கிடையாது, அதனால மாட்டிக்கிற வாய்ப்பே இல்லை. அப்படியே மாட்டினாலும் 112 இருக்கு.

3 மே, இரவு 9.05

இடம் சொல்ல மாட்டேன். கடைசி இரண்டு வரிக்கு மட்டும் பதில்.

மாட்டிக்கொள்ள ஆழம் வேண்டியதில்லை. இரண்டு ஆள் உயரம் போதும். இதே மலையில், தொண்ணூறுகளின் கடைசியில், அவ்வளவு உயரத்தில்தான் நாங்கள் மாட்டினோம். 112-ஐ யார் கூப்பிடுவது? பாறைக்குள் கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் போய்விடும். சில சரிவுகளில் வெட்டவெளியில் நின்றாலும் கிடைக்காது.

3 மே, இரவு 9.20

ஆறு பேர் என்று எழுதியிருந்ததை இப்போதுதான் கவனித்தேன். ஆறு பேரும் உள்ளே போனால் வெளியே எத்தனை பேர்?

4 மே, காலை 7.30

"நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

மூன்று பேர் போனோம். நான், அம்மாபேட்டை நண்பன், அவனுடைய சித்தப்பா மகன். தீபாவளி முடிந்து தறி ஓடாத வாரம். இரண்டு வண்டி. ஒரு காப்பித் தோட்டத்துக்கு முன்னால் இருந்த டீக்கடை ஓரம் வண்டிகளை நிறுத்தினோம். டீ குடித்தோம். எங்கே போகிறோம் என்று கடைக்கார அக்கா கேட்டதற்கு நண்பன், "சும்மா மேல வரைக்கும்" என்றான். அவ்வளவுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்த தகவல்.

தோட்டத்து எல்லை தாண்டி ஒரு ஓடைத் தடம். அதில் பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நடுவில் ஒரு இடுக்கு. முதுகை ஒரு பாறையிலும் பாதங்களை எதிர்ப் பாறையிலும் கொடுத்துச் சறுக்கியபடி இறங்கினோம். காய்ந்த பாறையில் இது சிரமமே இல்லை, சின்னப் பையன்கூட இறங்கிவிடுவான். கீழே குனிந்து நிற்கும் அளவுக்கு இடம். அங்கிருந்து பக்கவாட்டில் தவழ்ந்து போகிற வழி. அதன் முடிவில் இன்னொரு அறை, முழுக்க வௌவால் எச்சம். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வரும்போதே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மேலே மழை. உள்ளே இருந்தவர்களுக்கு இடிகூடக் கேட்கவில்லை. நாங்கள் இறங்கிய இடுக்கு வழியாகத்தான் ஓடைத் தண்ணீரும் இறங்கிக்கொண்டிருந்தது. மூழ்கும் அளவு இல்லை, முழங்காலுக்குக் கீழேதான், பாறைகளின் அடியில் எங்கேயோ வடிந்துகொண்டும் இருந்தது. ஆனால் பாறை முழுக்க வழுக்கல். சித்தப்பா மகன் முதலில் ஏறினான். பாதி உயரத்தில் கால் வழுக்கி விழுந்தான். கணுக்கால் அங்கேயே வீங்க ஆரம்பித்தது. அவன் கையில் இருந்த டார்ச் எரிந்தபடியே ஒரு வெடிப்புக்குள் விழுந்து, கை எட்டாத ஆழத்தில் யாருக்கும் உதவாமல் எரிந்துகொண்டிருந்தது. நண்பன் அதைப் பார்த்துச் சிரித்தான். அப்போது எனக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது.

மீதி இருந்தது ஒரே டார்ச். அதை அணைத்து வைத்தோம்.

மிச்சம் அப்புறம். மில் பஸ் வந்துவிட்டது.

4 மே, மதியம் 1.15

"இது குகையே இல்லை, பாறைச் சந்து" என்று ஒருவர். சரிதான். சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட், நாம் கருங்கல் என்று சொல்கிற வகை. உச்சியில் பாக்சைட். சுண்ணாம்புப் பாறையைப் போல இது மழைநீரில் கரைந்து உள்ளே மண்டபம் மண்டபமாகக் குடைபடாது. ஆந்திராவில் பேலம் குகை, பொர்ரா குகை எல்லாம் சுண்ணாம்புப் பாறை. இங்கே இருப்பவை பாறை வெடித்ததால் வந்த இடுக்குகள், உருண்டு வந்து குவிந்த பாறைகளுக்கு நடுவே மிஞ்சிய வெற்றிடங்கள்.

அதனால் ஆபத்து குறைவு என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்புக் குகைக்கு வரைபடமாவது போட்டு வைத்திருப்பார்கள். பாறைக் குவியலுக்கு யார் போடுவார்கள்? போன மழையில் இருந்த வழி இந்த மழைக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலான குவியல்கள் ஓடைத் தடத்திலேயே கிடக்கின்றன. அங்கே தண்ணீருக்கும் உங்களுக்கும் ஒரே வாசல்.

4 மே, மதியம் 1.40

சேர்வராயன் கோயில் குகை காவிரி வரை போகிறதாமே, அது வழியாக வெளியே வந்திருக்கலாமே என்று கேட்ட நண்பருக்கு: மேட்டூரில் எந்த மதகு வழியாக வருவது என்று தெரியாததால் விட்டுவிட்டோம்.

5 மே, இரவு 10.30

நேற்று எழுதியதை நண்பனுக்கு அனுப்பினேன். போன் வந்தது. முக்கால் மணி நேரம் சண்டை.

அவன் சொல்வது: எங்களை மேலே தூக்கும்போது விடியப் போகிற நேரம். நான் சொல்வது: ராத்திரி பத்து மணிகூட ஆகவில்லை. என் பக்கம் சாட்சி இருக்கிறது. தோட்டத்து ஜீப்பில் எங்களைச் சேலத்தில் இறக்கிவிட்டபோது அம்மாபேட்டையில் தியேட்டரில் ரெண்டாம் ஆட்டம் விட்டுக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. அவன் அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், அவருக்கும் அது நினைவிருக்கிறது. "ரெண்டாம் ஆட்டம் விட்டா மணி ஒண்ணுடா" என்றால் "அப்ப அடுத்த நாள் ரெண்டாம் ஆட்டமா இருக்கும்" என்கிறான். இந்த ஆளோடு இருட்டில் உட்கார்ந்திருந்தேன், யோசித்துப் பாருங்கள்.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் பெரியது. மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 1962இல் கடிகாரம் இல்லாமல் ஸ்காராசோன் என்ற குகைக்குள் இரண்டு மாதம் தங்கினார். வெளியே வந்தது செப்டம்பர் 14. அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. 25 நாள் காணாமல் போய்விட்டது. அவருக்குக் காலம் சுருங்கியது, என் நண்பனுக்கு நீண்டது. கூடாரம் போட்டுத் தூங்கி எழுந்தவருக்கும் ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தவனுக்கும் ஒரே கணக்கு வராது.

நண்பன் கையில் வாட்ச் இருந்தது, தண்ணீர் போய் நின்றுவிட்டது. இரவு முழுக்கப் போய்விட்டது, இனி யாரும் வர மாட்டார்கள் என்று முடிவு கட்டி, இருட்டிலேயே இடுக்கில் ஏறப் பார்த்தான். நானும் அடிபட்டவனும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தோம். என் கணக்குப்படி அப்போது ஏழு மணிகூட இருக்காது. பாறைக்குள் போகிறவனுக்குக் கயிற்றைவிட இருட்டில் முள் மின்னுகிற வாட்ச் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

5 மே, இரவு 10.50

நண்பன் சொன்ன இன்னொரு திருத்தம்: நாங்கள் தட்டியது தூக்குப்போசியை அல்ல, எவர்சில்வர் டம்ளரை. நான் இன்னும் தூக்குப்போசியைப் பற்றி எழுதவே இல்லை. எழுதப் போகிறேன் என்று தெரிந்து முன்கூட்டியே மறுக்கிறான்.

6 மே, காலை 6.45

மீட்ட கதை.

டீக்கடை அக்கா கடைசி பஸ் போனதும் கடை சாத்துகிறவர். அன்று பஸ் போய்விட்டது, எங்கள் வண்டிகள் மட்டும் மழையில் நின்றன. நேராகத் தோட்டத்து வாட்ச்மேனிடம் போய், "ரெண்டு வண்டி நிக்குது, மூணு பசங்களக் காணம். மேல போறேன்னாங்க, ஓடப் பக்கந்தான் போனாங்க" என்று சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் போகிறோம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவராகப் பார்த்து வைத்திருக்கிறார். வாட்ச்மேன் தோட்டத்து ஆபீஸ் போனில் தீயணைப்புக்குச் சொல்லிவிட்டு ஊருக்குள் ஓடியிருக்கிறார்.

வந்தவர்கள் அந்த ஊர் மலையாளிக் கவுண்டர்கள், ஏழெட்டுப் பேர். (சமவெளிக்காரர்களுக்கு: சேர்வராயன் மலைப் பழங்குடிகளின் பெயர் மலையாளி, பேசுவது தமிழ். கேரளா என்று நினைக்க வேண்டாம்.) கையில் பெட்ரோமாக்ஸ். குரல் எங்களுக்குக் கேட்டது, எங்கள் குரல் தண்ணீர்ச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் தூக்குப்போசியைக் கல்லால் தட்டினோம். டம்ளர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரும்பைப் போல ஒலிக்கிற எந்தச் சத்தமும் தண்ணீர்ச் சத்தத்திலிருந்து தனியாகத் தெரியும். மலையேறிகள் வைத்திருக்கிற முறை நிமிடத்துக்கு ஆறு தடவை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தம். எங்களுக்கு அது தெரியாது, நிறுத்தாமல் தட்டினோம். நிறுத்தி நிறுத்தித் தட்டியிருந்தால் பதிலும் கேட்டிருக்கும்.

மேலிருந்து முதலில் இறங்கியது ஒரு ஏணி. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் சாத்துகிற ஒற்றை மூங்கில் ஏணி. ஒரே மூங்கில், கணுவுக்குக் கணு கால் வைக்க இடம். இடுக்கு அவ்வளவு குறுகல், இரட்டைக்கால் ஏணி நுழைந்திருக்காது. எனக்கு இன்றும் ஆச்சரியம், வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதை எடுத்து வந்திருக்கிறார்கள் என்பதுதான். கயிறு மட்டும் கொண்டுவந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை.

நானும் நண்பனும் ஏறிவிட்டோம். அடிபட்டவனுக்குக் காலை ஊன்ற முடியவில்லை. அக்குளில் கயிற்றைக் கட்டித் தூக்கலாம் என்று ஒரு இளவட்டம் சொன்னதும் ஒரு பெரியவர் கத்திவிட்டார். "மூச்சு முட்டிப்போவும்டா, தொடையில கட்டு." காப்பிச் சாக்கை இரண்டாகக் கிழித்து இரண்டு தொடைக்கும் வளையமாகப் போட்டு, இடுப்பில் ஒரு சுற்று, நெஞ்சில் சாயாமல் இருக்க ஒரு சுற்று. உட்கார்ந்த வாக்கில் தூக்கினார்கள். பெரியவர் சொன்னது முற்றிலும் சரி. நெஞ்சில் மட்டும் கயிறு கட்டித் தொங்கினால் உடம்பு எடையே விலாவை இறுக்கும், சில நிமிடங்களிலேயே மூச்சு விட முடியாமல் போகும். மீட்புக்குழுக்கள் வைத்திருக்கிற இருக்கைப் பட்டையும் தொடையைத்தான் தாங்குகிறது.

ஏணியில் ஒரு கணு பிளந்துவிட்டது. எங்களைவிட அதைத்தான் பெரியவர் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. ஏணிக்கு என்று சொன்னதும் வாங்கிக்கொண்டார்.

தீயணைப்பு வண்டி 20 கொண்டை ஊசி வளைவும் மழையில் ஏறி வந்து சேர்ந்தபோது நாங்கள் டீக்கடைக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு இருந்தோம். அவர்கள்தான் கணுக்காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள்.

6 மே, இரவு 8.10

தாய்லாந்துக் கதையை வைத்து ஒருவர்: "உலகமே வந்து காப்பாத்துச்சு, டெக்னாலஜி இருக்கு."

2018 ஜூன் 23. தாம் லுவாங் குகை. 12 பையன்கள், ஒரு பயிற்சியாளர். வெள்ளம் வழியை மூடிவிட்டது. ஜூலை 2 அன்று பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள் ஸ்டான்டனும் வொலன்தனும் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாளில் மயக்க மருந்து கொடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். சமன் குணன் என்ற முன்னாள் கடற்படை வீரர் இடையில் இறந்துபோனார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

உலகம் வருவதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். குகை வாசலில் சைக்கிள்கள் நின்றன. பைகள் கிடந்தன. பையன்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று அன்று இரவே தெரிந்துவிட்டதற்கு அதுதான் காரணம். சைக்கிள் இல்லையென்றால் எந்த மலையில் தேடுவது, எந்த ஓட்டையில் தேடுவது? எங்களுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள்.

6 மே, இரவு 8.30

கூடவே இதையும் எழுதிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். அது தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? வண்டியை ரோட்டோரம் விடாமல் புதருக்குள் தள்ளி, மேலே தழை போட்டு மறைத்துவிட்டுப் போகிறார்கள். அபராதத்துக்குப் பயந்து, தேடி வரக்கூடிய ஒரே அடையாளத்தை அழித்துவிட்டுப் போகிறார்கள். ஏற்காட்டுப் பக்கம் இப்படி மறைத்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். இதைவிட முட்டாள்தனம் வேறு இல்லை. அனுமதி கேட்க மனமில்லையா, போகாதீர்கள்.

7 மே, காலை 11.00

கொடைக்கானல் குணா குகையில் 2006இல் நண்பனே இறங்கி நண்பனை மீட்டானே, ஆகவே ஃபிரெண்ட்ஸ் போதும் என்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்கு முன்னால் நான் பேச ஒன்றுமில்லை. ஆனால் அங்கேயும் விழுந்தது ஒருவர்தான். மற்றவர்கள் மேலே இருந்தார்கள், உதவிக்கு ஓடினார்கள், கயிறு வந்தது.

குகைக்காரர்களின் பழைய விதி நான்கு பேர். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருப்பார், இரண்டு பேர் வெளியே போய்ச் சொல்வார்கள். 2014இல் ஜெர்மனியின் ரீசென்டிங் குகையில் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஆழத்தில் யோஹான் வெஸ்ட்ஹவுசர் தலையில் கல் விழுந்தது. கூட இருந்தவர்களில் ஒருவர் மேலே ஏறி வந்து சொல்லவே அரை நாள் ஆனது. பிறகு 700 பேருக்கு மேல் சேர்ந்து 11 நாளுக்குப் பின் வெளியே கொண்டுவந்தார்கள். 2023இல் துருக்கி மோர்ஜா குகையில் மார்க் டிக்கிக்கு வயிற்றில் ரத்தக்கசிவு, அதுவும் 1,000 மீட்டருக்குக் கீழே. டாக்டர்கள் உள்ளே இறங்கி ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு பேருமே கற்றுக்குட்டிகள் அல்ல, குகையிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள். உள்ளே இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வெளியே போய்ச் சொல்ல ஆள் வேண்டும்.

7 மே, மாலை 5.25

"ஆக்ஸிஜன் தீர்ந்துடாதா?"

எங்களுக்கு அந்தப் பயம்தான் முதலில் வந்தது, தேவையே இல்லாமல். பாறைக் குவியலில் நூறு ஓட்டை. காற்று ஓடிக்கொண்டே இருந்தது, அதனால்தான் குளிர் தாங்கவில்லை. காற்று நகராத முட்டுச்சந்து வேறு கதை, அங்கே கரியமில வாயு தேங்கலாம்.

நம் பக்கம் பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது, அது சரி. அணையாவிட்டால் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. கிணற்றுக்குள் இன்ஜின் ஓட்டினால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கும், சாக்கடை வாயுவுக்கும் விளக்கு அணையாது, ஆள் விழுந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்கியவனும் விழுவான்.

7 மே, மாலை 5.50

குளிர் பற்றிக் கேட்டவருக்கு. குகைக்குள் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி இருக்கும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், பனி கொட்டுகிற ஊர் இல்லை. ஆனால் நனைந்த துணி, ஓடுகிற காற்று, உட்கார்ந்த பாறை, மூன்றும் சேர்ந்து உடம்புச் சூட்டை உறிஞ்சும். பெரிய பிளாஸ்டிக் குப்பைப் பை ஒன்று ஆளுக்கு வைத்திருங்கள். அடியில் கிழித்துத் தலை வழியாகப் போட்டுக்கொண்டு, தோள்பையின் மேலோ கயிற்றுச் சுருளின் மேலோ உட்காருங்கள், வெறும் பாறையில் வேண்டாம். நாங்கள் மூவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தோம். நடுக்கம் நின்று பேச்சுக் குழற ஆரம்பித்தால் அதுதான் மோசமான கட்டம். சித்தப்பா மகனைத் தூங்க விடாமல் தறிப் பாவுக் கணக்கு கேட்டுக்கொண்டே இருந்தோம். தப்புத் தப்பாகச் சொன்னான். அவன் சாதாரண நாளிலும் தப்பாகத்தான் சொல்வான், அதனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

8 மே, இரவு 9.40

ஒரு மறுயோசனை. டீக்கடை அக்காவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'யாராவது கவனிப்பாங்க' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல. அவர் கவனித்தது எங்கள் அதிர்ஷ்டம். இப்போது கோடை சீசன் கூட்டத்தில் அதே ரோட்டோரம் நூறு வண்டி நிற்கிறது. எதை யார் கவனிப்பார்கள்?

ஒரு ஆளிடம் இடத்தைச் சொல்லுங்கள். எந்த மணிக்குள் போன் வரும் என்று சொல்லுங்கள். வராவிட்டால் எந்த மணிக்கு 101க்கோ 112க்கோ கூப்பிட வேண்டும் என்றும் சொல்லுங்கள். அந்த ஆள் பயந்தாங்கொள்ளியாக இருந்தால் நல்லது. "பசங்க லேட்டா வருவானுங்க" என்று சொல்கிற தைரியசாலி மாமா வேண்டாம். வெளியே வந்ததும் முதல் வேலை அவருக்குப் போன், டீ அப்புறம்.

9 மே, காலை 7.05

கேள்வி கேட்ட தம்பிகள் பேலம் போவதாக எழுதியிருக்கிறார்கள். நல்லது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், பாதி அளவு மக்களுக்குத் திறந்திருக்கிறது, விளக்குப் போட்டு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். உள்ளே வியர்க்கும், பருத்திச் சட்டை போடுங்கள். கரண்ட் போனால் என்று ஆளுக்கொரு தனி டார்ச், போன் டார்ச் கணக்கில் சேராது.

பாறை இடுக்கின் இடம் கேட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறவர்களுக்கு இனி பதில் கிடையாது. நண்பனிடமும் கேட்காதீர்கள். அவன் சொன்னால் ஏலகிரிக்குப் போய் நிற்பீர்கள்.